மின்தூக்கிக்கு மழை ஆகாதாம்

“மழையில எதுக்கும்மா வெளிய வர்றீங்க?”

கேட்டவர் நல்ல மனுஷர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் எழுதப்போகும் அத்தனை வசவும் அவர் தலையில்தான் விழும். நம் ஊரில் வசவு எப்போதும் கடைசிப் படியில் நிற்பவன் தலையில்தானே விழுகிறது. ரயில் நிலையத்து நடைமேம்பாலத்தின் லிஃப்டுக்கு அவர் காவல். அறுபதைத் தாண்டியவர். ஒப்பந்தக்காரர் கொடுத்த நீலச் சட்டை, சொந்தக் காசில் வாங்கிய குடை. கேள்வியில் நக்கல் கிடையாது. மெய்யாகவே புரியாமல் கேட்டார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நாற்பத்தேழு வயதுப் பெண்ணுக்கு, ஐப்பசி அடைமழையில், காலை எட்டரை மணிக்கு வெளியே அப்படி என்ன வேலை?

ஆபீஸ் அண்ணே. அங்கே விரல் வைக்கிற மிஷின் ஒன்று இருக்கிறது. எனக்கு ஒன்றரை வயதில் போலியோ வந்ததும் அதற்குத் தெரியாது, வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு வந்ததும் தெரியாது. ஒன்பதரையைத் தாண்டினால் சிவப்பு எரியும், அவ்வளவுதான்.

லிஃப்டின் கதவில் செல்லோடேப் போட்டு ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். மை கரைந்து ஒழுகிய நிலையிலும் படிக்க முடிந்தது: மழை காரணமாக, பாதுகாப்பு கருதி, மின்தூக்கி நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. யாருடைய பாதுகாப்பு என்று எழுதவில்லை. யோசித்துப் பார்த்தேன். லிஃப்டின் பாதுகாப்பு. அதற்குச் சளி பிடித்துவிடக் கூடாது. நான் வெளியே நனைந்துகொண்டிருந்தேன். அது உள்ளே விளக்கணைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

மின்தூக்கி என்பது நல்ல தமிழ்ப் பெயர். மழை பிடித்தால் முதலில் மின் போகும், பின்னாலேயே தூக்கி போகும். மிச்சமிருப்பது ஆள்தூக்கி. டீக்கடையிலிருந்து இரண்டு பேர், புத்தகப் பையை மார்பில் மாட்டிக்கொண்ட ஒரு கல்லூரிப் பையன், எங்கிருந்தோ வந்து கட்டளையிடத் தொடங்கும் ஒரு பெரியவர். “அக்கா பயப்படாதீங்க, பிடிச்சிக்கிட்டோம்.” நாற்காலியைப் பின்பக்கமாகச் சாய்த்து, தலை மேலேயும் கால் கீழேயுமாக ஏற்றுவார்கள். நாற்பத்திரண்டு படி. எண்ணியிருக்கிறேன். மல்லாந்தபடி போகும்போது எண்ணுவதற்கு வேறு ஒன்றும் கிடைக்காது. ஈரப் படியில் ஒருவர் செருப்பு வழுக்கும். நால்வரும் “ஏய்” என்பார்கள். யாரோ ஒருவர் கை எங்கே பிடிக்கக் கூடாதோ அங்கே பிடிக்கும். அதைக் கேட்க முடியாது, ஏனென்றால் அவர் உதவி செய்கிறார். மேலே போய் இறக்கியதும் நான் நன்றி சொல்ல வேண்டும். ஒருமுறை ஒருத்தர் இதை வீடியோ எடுத்து ‘மனிதநேயம் சாகவில்லை’ என்று போட்டுவிட்டார். நிறையப் பேர் கைகூப்பியிருந்தார்கள். பின்னணியில் மூடிக் கிடந்த லிஃப்ட் தெளிவாகத் தெரிந்தது. அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

இந்த லிஃப்டுக்குத் திறப்பு விழா நடந்தது ஒரு மே மாதத்தில். வானிலைப் பாதுகாப்பு என்றால் என்னவென்றே நம்மவர்களுக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அன்று நான் பார்த்தேன். லிஃப்டுக்கு முன்னால் ஐம்பதடி நீளத்துக்குச் சாமியானா. மேடைக்குப் பக்கவாட்டில் தண்ணீர் தூவும் ராட்சத மின்விசிறி நான்கு. வெயில் சாய்ந்தால் முகத்தில் அடிக்கும் என்று மேற்குப் பக்கம் மட்டும் கூடுதலாக ஒரு துணி. எந்த நேரத்தில் எந்தத் திசையிலிருந்து வெயில் வரும், எந்த நாற்காலிமேல் விழும் என்று யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஐம்பது நிமிட நிகழ்ச்சிக்கு இவ்வளவு ஏற்பாடு. இருபது வருஷம் நிற்க வேண்டிய லிஃப்டின் வாசலுக்கு மேலே நான்கடி நீளத்துக்கு ஒரு தகரம் கிடையாது.

பொன்னாடைகளையும் எண்ணினேன். பதினொன்று. மயிலுக்குப் போர்வை தந்த பேகனை வள்ளல் என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோதே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மயிலுக்குத்தான் தோகை இருக்கிறதே? இப்போது புரிகிறது. ஏற்கெனவே போர்த்தியிருப்பவர்களுக்கே மேலும் போர்த்துவதுதான் நம் மரபு. சித்திரை வெயிலில் வேர்த்துக் கொட்டியவர்களுக்குப் பதினொரு போர்வை கிடைத்தது. கார்த்திகை மழையில் நிற்கப்போகும் லிஃப்டுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆனால் கல்வெட்டுக்குக் கூரை உண்டு. கறுப்புக் கிரானைட், தங்க எழுத்து, தலைக்குமேல் கோபுர வடிவில் சிறு மண்டபம். கிரானைட் மழையில் கரையாது என்பது பல்லவர் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். இருந்தாலும் பெயர் நனையக் கூடாதல்லவா.

லிஃப்ட் ஏன் மழைக்கு நிற்கிறது என்று எனக்கு விளக்கியவர் ஒரு மெக்கானிக். மாதம் ஒருமுறை வந்து கிரீஸ் தடவிப் போகிறவர். “மேடம், மழை பெய்யறதால லிஃப்ட் கெட்டுப்போறதில்ல. தண்ணி நிக்கறதாலதான் கெட்டுப்போகுது” என்றார். சென்னையைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை என்று தோன்றியது.

காற்றோடு வரும் மழை சாய்ந்து அடிக்கும். கதவில் பட்டு வழியும். கதவு ஓடுவதற்கென்று தரையில் ஒரு பள்ளம் இருக்கிறதே, அதற்குள் இறங்கும். அங்கிருந்து நேரே கீழே குழிக்குள் சொட்டும். எல்லா லிஃப்டுக்கும் அடியில் குழி உண்டு, பிட் என்பார்கள். லிஃப்ட் தவறி இறங்கினால் தாங்குவதற்கான ஸ்பிரிங், நிறுத்தும் சுவிட்சு, வேகக் கட்டுப்பாட்டுக் கயிற்றை இழுத்துப் பிடிக்கும் எடை எல்லாம் அங்கேதான். குழியில் தண்ணீர் ஏறினால் சுவிட்சு நனையும்; நனைந்தால் பாதுகாப்புச் சுற்று அறுபடும்; அறுபட்டால் லிஃப்ட் நிற்கும். நிற்பதுதான் சரி. நனைந்த லிஃப்ட் ஓடினால்தான் ஆபத்து. ஆக, லிஃப்ட் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. செய்யாதவர்கள் வேறு.

கதவுப் பூட்டு இன்னொரு கதை. ஒவ்வொரு தளத்துக் கதவிலும் ஒரு பூட்டு, பூட்டுக்குள் ஒரு தொடுமுனை. எல்லாவற்றையும் ஒரே கம்பியில் கோத்திருப்பார்கள், கோயில் திருவிழா சீரியல் செட் மாதிரி. ஒரு பல்பு போனால் மொத்த வரிசையும் இருட்டு. கடற்கரை ஊரின் உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்தால் ஒரு தொடுமுனையில் களிம்பு ஏற எத்தனை நாள் ஆகும்? கீழ்த்தளத்துக் கதவில் களிம்பு. மேல்தளத்தில் ஏறி வந்து நிற்பவருக்கு லிஃப்ட் இல்லை. ‘துருப்பிடிக்காத எஃகு’ என்று பெயர் வைத்திருக்கிறார்களே என்றால், அதிலும் ஜாதி இருக்கிறது. 304 என்று ஒன்று, 316 என்று ஒன்று. உப்புக் காற்றுக்கு 316-தான் தாங்கும். விலை கூடுதல். எங்கள் லிஃப்டின் கதவில் முதல் வருஷமே பழுப்புப் புள்ளி விழுந்துவிட்டது. எது வாங்கினார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் தடுப்பது ராக்கெட் விடுகிற வேலையும் இல்லை. வாசலுக்கு மேலே சாரல் உள்ளே வராத அளவுக்கு நீட்டிய கூரை. பக்கவாட்டில் ஒரு தடுப்பு. தரையைக் கதவுக்கு வெளிப்பக்கமாக லேசாகச் சரித்துவிடுவது. கதவுக்கு முன்னால் குறுக்கே ஒரு வடிகால், அதன்மேல் சக்கரம் சிக்காதபடி குறுக்குக் கம்பி போட்ட மூடி. குழிக்குள் தண்ணீர் இறைக்கும் பம்ப். கட்டுப்பாட்டுப் பெட்டி கீழே வேண்டாம், மேலே. அவ்வளவுதான். எங்கள் லிஃப்டில் பம்ப் முதல் மதிப்பீட்டில் இருந்ததாம். திருத்திய மதிப்பீட்டில் காணாமல் போனதாம். தரையைச் சரித்திருக்கிறார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. கதவை நோக்கிச் சரித்திருக்கிறார்கள். மேம்பாலத்துப் படிக்கட்டில் இறங்கும் மழைநீர் அத்தனையும் அழைப்பிதழ் வைத்தது போல நேரே லிஃப்டுக்குள் போகிறது. இந்த ஊரில் யாரும் உதவாமல் தானாக லிஃப்ட் ஏற முடிந்த ஒரே ஜீவன் தண்ணீர்தான்.

ஐந்து வருஷத்தில் இந்த லிஃப்டுக்குக் கிடைத்த ஒரே உருப்படியான மழைப் பாதுகாப்பை அமைத்தவர் அந்தக் காவலர். திறப்பு விழா முடிந்து கழற்றிப் போட்ட ஃப்ளெக்ஸ் பேனரை மடித்து வைத்திருந்தவர், வெளிப் பொத்தான் பலகையின்மேல் அதைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டார். தலைவரின் கும்பிட்ட கை இரண்டும் இப்போது பொத்தானுக்குமேல் கூரையாக நிற்கின்றன. பதவிக்காலம் முழுக்க அந்தக் கைகள் செய்த மக்கள் சேவை இது ஒன்றுதான் என்று நான் நினைக்கிறேன். தவறாக இருந்தால் மன்னிக்கட்டும்.

மின்சாதனங்களுக்கு ஐ.பி. என்று ஒரு குறியீடு உண்டு. இரண்டு இலக்கம். முதலாவது தூசுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. தண்ணீர் இலக்கம் 1 என்றால் மேலிருந்து நேராகச் சொட்டுவதைத் தாங்கும். 3 என்றால் சாய்ந்து அடிக்கும் சாரலை. 4 என்றால் எந்தப் பக்கம் தெறித்தாலும். 5 என்றால் குழாயால் பீய்ச்சினாலும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கிக் கிடந்தாலும். திறந்தவெளியில் நிற்கப்போகும் லிஃப்டின் பொத்தானுக்கு ஐ.பி. 54, 65 என்று கேட்டு வாங்கலாம். கேட்டால் தருவார்கள். கேட்காவிட்டால் வீட்டுக்குள் வைக்கிற பொத்தான் வெளியே வந்து நிற்கும், அம்மா வீட்டில் செல்லமாக வளர்ந்த பிள்ளை பட்டாளத்துக்குப் போன மாதிரி.

எனக்கும் இப்படி ஒரு இலக்கம் போட்டால் என்ன வரும் என்று நனைந்துகொண்டே கணக்குப் பார்த்தேன். நிற்கிறவர்கள்மேல் விழும் மழை வழிந்து காலுக்குப் போய்விடும். உட்கார்ந்திருப்பவளுக்கு மடி என்று ஒன்று இருக்கிறது, அது ஏரி. செம்பரம்பாக்கம் மாதிரி நிரம்பிக்கொண்டே இருக்கும், திறந்துவிட மதகு கிடையாது. குடை பிடிக்கலாமே என்பார்கள். குடைக்கு ஒரு கை போனால் சக்கரத்துக்கு ஒரு கைதான் மிச்சம். ஒரு கையால் தள்ளினால் நாற்காலி வட்டமடிக்கும். குடையோடு நடுரோட்டில் நான் சுற்றுவதைப் பார்த்தால் கரகாட்டத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டுப் போவார்கள். சக்கரத்தின் கைவளையம் நனைந்தால் பிடி வழுக்கும். பிரேக் ரப்பர் நனைந்தால் நிற்காது. சக்கரம் அள்ளி வரும் சேறு முழங்கைவரை சட்டைக்குள் ஏறும். என் இலக்கம் பூஜ்யம். ஆனால் கவனியுங்கள்: பூஜ்யத்தை வெளியே நிறுத்திவிட்டு, ஐம்பத்து நான்கைக் காப்பாற்றத்தான் கதவில் தாள் ஒட்டுகிறார்கள்.

வருஷத்துக்கு ஒரு நாள் ஓடும் தேருக்கு நம் ஊரில் கொட்டகை உண்டு. தகரம் அடித்து, நாலு பக்கமும் மறைத்து, பூட்டுப் போட்டு வைப்பார்கள். தகரம் ஒன்று காற்றில் பறந்தால், “தேர் நனையுதே” என்று ஊரே பதறும். பணம் எடுக்கும் மிஷினுக்குக் கண்ணாடி அறை, குளிர்சாதனம். சிலைக்குக் கூண்டு. முந்நூற்று அறுபத்தைந்து நாளும் ஓட வேண்டியதற்கு மட்டும் வானமே கூரை. தேரில் சாமி இருக்கிறது, மிஷினில் பணம் இருக்கிறது, சிலைக்குப் பின்னால் ஓட்டு இருக்கிறது. லிஃப்டுக்குள் நான் இருக்கிறேன்.

சரி, மழைக்காலம் போகட்டும், வெயில் காலத்தில் ஓடுமே என்பீர்கள். அந்தக் கண்ணாடிக் கூண்டு மேற்கு பார்த்தது. லிஃப்ட் இயந்திரங்களையும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் சுற்றி 40 பாகைக்குமேல் சூடு ஏறக் கூடாது என்பது பொதுவாக எல்லோரும் பின்பற்றும் கணக்கு. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் நிழலிலேயே 45 பாகை பதிவான ஊர் இது. காற்றோட்டமில்லாத கண்ணாடிக்குள் கத்திரி வெயில் என்ன செய்யும் என்பதற்கு விஞ்ஞானி வேண்டாம், அப்பளம் காயப்போட்ட அனுபவம் போதும். அதனால் வெயில் ஏறத் தொடங்கியதும் வேறு தாள் வரும்: வெப்பம் காரணமாக. ஆக, பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் தொடங்கி மாசி முடியும்வரை எங்கள் லிஃப்ட் கிடைக்கும். மாம்பழ சீசன்கூட இதைவிட நீளம்.

டிசம்பர் 3 உலக மாற்றுத்திறனாளிகள் தினம். ஐ.நா. சபை குறித்த நாள். ஜெனிவாவிலோ நியூயார்க்கிலோ உட்கார்ந்து குறித்தவர்களுக்கு வடகிழக்குப் பருவமழை தெரிந்திருக்க நியாயமில்லை. எங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் மேடையில் எங்களை வரிசையாக உட்கார வைத்துக் கைதட்டும்போது வெளியே கொட்டிக்கொண்டிருக்கும். 2015 டிசம்பர் 3 அன்று தில்லியில் சுகம்ய பாரத் என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். பொதுக் கட்டடங்கள், ரயில் நிலையங்கள், விமான நிலையங்கள் எல்லாவற்றையும் நாங்கள் அணுகும்படி ஆக்கும் இயக்கம். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டி, அடையாறு வீடுகளுக்குள் ஏறியிருந்தது. நாடு முழுக்க அணுகத்தக்கதாக ஆகத் தொடங்கிய அந்த நாளில், சென்னையில் யாராலும் எதையும் அணுக முடியவில்லை. அந்த ஒரு நாள் மட்டும் எல்லோருக்கும் சமத்துவம் கிடைத்தது. 2023-இல் மிக்ஜாம் புயல் வந்ததும் டிசம்பர் 3, 4 தேதிகளில்தான். எங்கள் தினத்தை மறக்காமல் ஆண்டுதோறும் கொண்டாட வருவது மழை மட்டும்தான் போலிருக்கிறது.

மெரினாவைச் சொல்லாமல் விட முடியாது. 2022 நவம்பர் 27 அன்று கடல் பார்க்க எங்களுக்கு ஒரு மரப்பாதை திறந்தார்கள். 263 மீட்டர் நீளம், ஒரு கோடியே பதினான்கு லட்ச ரூபாய். இரண்டு வாரம் முடிவதற்குள் மாண்டஸ் புயலின் அலை அதன் முனையைப் பிய்த்தது. ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்தப் பாதையில் போய் நாற்பது வருஷத்தில் முதல்தடவை அலைக்குப் பக்கத்தில் நின்றவள் நான். மீம் போட்டவர்களில் ஒருவர் சக்கரமும் மணலில் புதைந்ததில்லை. ஆனால் டிசம்பரில் புயல் வரும் கடற்கரையில் நவம்பர் கடைசியில் மரப்பாதை திறந்தார்களே, அந்தக் காலண்டரில் மழைக்காலம் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. பிறகு அதைச் சரிசெய்தார்கள். மெரினாவில் கேமரா வரும். எங்கள் ரயில் நிலையத்துக்கு வராது.

சட்டம் இல்லையா என்றால், ஏன் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. இருக்கிற பொதுக் கட்டடங்களை விதிகள் வந்த நாளிலிருந்து ஐந்து வருஷத்தில் அணுகத்தக்கதாக ஆக்க வேண்டும் என்கிறது 45-ஆவது பிரிவு. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு முடிந்தது 2022 ஜூனில். அப்படி ஒரு கெடு இருந்ததே தெரியாமல் அது முடிந்துபோனது. எங்கள் வீட்டில் கேஸ் மானியம் முடிந்த மாதிரி. இதற்கிடையே அந்த விதிகளில் ஒன்று கட்டாயமா, வெறும் பரிந்துரையா என்றே சந்தேகம் வந்து, 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரத்தூரி வழக்கில் அதைப் பிரித்துச் சொல்ல வேண்டியதாயிற்று: பரிந்துரையாக எழுதிய விதி, கட்டாயமாக்கச் சொல்லும் சட்டத்துக்கே முரண், அது செல்லாது, மூன்று மாதத்தில் கட்டாய விதி எழுதுங்கள் என்று. 2005-இல் தொடுத்த வழக்கு அது. ‘செய்யலாம்’ என்பதற்கும் ‘செய்ய வேண்டும்’ என்பதற்கும் நடுவில் இருக்கும் இலக்கண வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க இந்தத் தேசத்துக்குப் பத்தொன்பது வருஷம். எங்கள் எட்டாம் வகுப்புத் தமிழாசிரியை இதற்குப் பிரம்பால் அடித்திருப்பார்.

மீறினால் தண்டனை? 89-ஆவது பிரிவு: முதல் தடவைக்கு அதிகபட்சம் பத்தாயிரம் ரூபாய் அபராதம். வாசலுக்கு மேலே இரும்புக் குழாய் நட்டு, தகரம் அடித்து, கூலி கொடுத்தால் அதைத் தாண்டிவிடும். சட்டத்தை மதிப்பதைவிட மீறுவது மலிவு. சிக்கனமான அதிகாரி எதைத் தேர்ந்தெடுப்பார்? மக்கள் வரிப்பணத்தில் அவருக்கு அக்கறை இருக்காதா?

ஒவ்வொரு தேர்தலுக்கும் யாராவது ஒருவர் நம்மைச் சிங்கப்பூர் ஆக்குகிறேன் என்கிறார். ஆக்கட்டும். நமக்கு வருஷத்துக்கு ஏறத்தாழ 1,400 மி.மீ. மழை, அதில் பாதிக்குமேல் மூன்றே மாதத்தில். அங்கே 2,000-க்கு மேல், அதுவும் வருஷம் முழுக்க. அங்கேயும் நடைமேம்பாலங்களுக்கு லிஃப்ட் வைக்கிறார்கள். ரயில் நிலையத்திலிருந்து 400 மீட்டருக்குள் இருக்கும் பள்ளிக்கூடம், மருத்துவமனைவரை கூரை போட்ட நடைபாதை என்று 2013-இல் ஒரு திட்டம் அறிவித்துக் கட்டினார்கள். மழை அதிகம் என்பதால் கூரை. நம் ஊரில் மழை அதிகம் என்பதால் தாள். அங்கே கட்டட வேலைக்குப் போகும் புதுக்கோட்டை, சிவகங்கைப் பிள்ளைகள் ஏராளம். கூரை போடத் தெரியாத கூட்டமில்லை நாம். இங்கே யாரும் போடச் சொல்லவில்லை.

நான் சொன்னேன். மனு எழுதினேன். லிஃப்ட் மின்பிரிவு, கூரை சிவில் பிரிவு, வடிகால் மாநகராட்சி என்று பதில் வந்தது. மழை எந்தப் பிரிவு என்று மட்டும் தெரிவிக்கவில்லை. இந்திரனாக இருக்கலாம், அவரது முகவரிக்கு நகல் அனுப்பியிருக்கலாம். மறுபடி எழுதினேன். முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு எழுதினேன். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். மாற்றுத்திறனாளி என்று மரியாதையாக விளித்தே எல்லாக் கடிதமும் வந்தது. மழையில் என்னிடம் எந்த மாற்றுத் திறனை எதிர்பார்க்கிறார்கள் என்றுதான் தெரியவில்லை. நீச்சலாக இருக்கலாம்.

ஆவணியில் ஒருநாள் நல்ல செய்தி வந்தது. ‘தங்கள் மனுவின்மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு, மேற்படி மின்தூக்கியினுள் மழைநீர் புகாவண்ணம் தடுப்பு அமைக்கப்பட்டுள்ளது என்பது கனிவுடன் தெரிவிக்கப்படுகிறது.’ கனிவுடன். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு மறுநாள் கால் மணி நேரம் முன்னதாகவே கிளம்பினேன். பூ வைத்துக்கொண்டு போனேன் என்றால் சிரிப்பீர்கள். வைத்துக்கொண்டுதான் போனேன்.

லிஃப்டின் வாசலில் ஒரு படி கட்டியிருந்தார்கள்.

ஒன்பது அங்குல உயரம். சுத்தமான வேலை. சிவப்பு டைல்ஸ், விளிம்பில் மஞ்சள் பட்டை, மூலைகளில் சிமென்ட் பூச்சு. நடுவில், வருகிறவர்களுக்குத் தெரியும்படி, நீல வட்டத்துக்குள் சக்கர நாற்காலிப் படம் ஒன்றும் வரைந்திருந்தார்கள். படத்திலிருக்கும் ஆள் மட்டும் படியின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்.

கடிதத்தில் இருந்த எண்ணுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். உதவிப் பொறியாளர்தான் எடுத்தார்.

“சார், லிஃப்டுக்கு முன்னால படி கட்டியிருக்கீங்க.”

“ஆமா மேடம். பாத்தீங்களா? இனிமே ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகாது.”

“நானும் போக முடியாது சார்.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அவர் பக்கத்தில் ஏதோ அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

“அதுக்கு ஒரு சின்ன ரேம்ப் போட்டுடலாம் மேடம். எஸ்டிமேட் போட்டு அனுப்பணும்.”

“ஒன்பது அங்குலத்துக்கு ஒண்ணுக்குப் பன்னிரண்டு கணக்குல ஒன்பது அடி சரிவு வேணும் சார். லிஃப்டுக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவுல ஏழடிதான் இருக்கு.”

“நீங்க சிவில் படிச்சீங்களா மேடம்?”

“பி.காம்.”

“சுவரு வேற டிபார்ட்மென்ட்டோடது மேடம். நாங்க கை வைக்க முடியாது. நீங்க ஒரு மனு எழுதிக் குடுங்க.”

இந்த வருஷம் மழை சீக்கிரமே தொடங்கிவிட்டது. போன வாரம் நல்ல அடைமழை. படிக்கட்டில் தண்ணீர் அருவியாக இறங்கி வந்து, திட்டில் மோதி, இரண்டு பக்கமும் பிரிந்து, என் சக்கரத்துக்கு அடியில் ஓடியது. கதவில் தாள் இல்லை. உள்ளே விளக்கு எரிந்தது. வேலை பார்க்கிற பையன்கள் மூன்று பேர் தள்ளுபெட்டியோடு ஏறினார்கள். பார்சல் கொண்டுபோகிற ஒருவர் முதுகு மூட்டையோடு. கையைக் கோத்துக்கொண்டு ஒரு ஜோடி. அந்தப் பெண் என்னைப் பார்த்து, “நீங்க வரலையா ஆன்ட்டி, இடம் இருக்கு” என்றாள். கதவு மூடிக்கொண்டது. லிஃப்ட் மேலே போயிற்று, கீழே வந்தது, மறுபடி போயிற்று. பொத்தானுக்கு மேலே தலைவரின் கும்பிட்ட கைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

காவலர் அண்ணன் ஓடி வந்து தன் குடையை எனக்கு மேலே பிடித்தார். அவர் பாதி நனைந்தார், நான் பாதி நனைந்தேன்.

“லிஃப்ட் எப்படிண்ணே ஓடுது?” என்று கேட்டேன்.

“இந்த மழைக்கு ஒரு நாள்கூட நிக்கலம்மா” என்றார். சொல்லிக்கொண்டே டீக்கடைப் பக்கம் திரும்பி, “டேய், நாலு பேர் வாங்கடா” என்று கையைத் தட்டினார்.